நூற்று நான்கு வேதங்களும் ஒரு மலையூரும்

எங்கள் வாணியம்பாடிப் பக்கம் மக்தபுக்கு (குர்ஆன் ஓதும் பள்ளிக்கு) போகிற எந்தப் பிள்ளையை நிறுத்தி, "அல்லாஹ் இறக்கிய கிதாபுகள் எவை?" என்று கேட்டாலும் மூச்சு விடாமல் பதில் வரும். மூஸா நபிக்குத் தவ்ராத், தாவூது நபிக்கு ஸபூர், ஈஸா நபிக்கு இன்ஜீல், நம் நபிக்குக் குர்ஆன். கொஞ்சம் வளர்ந்த பிள்ளையாக இருந்தால் "மொத்தம் 104" என்று கணக்கையும் சேர்த்துச் சொல்லும். நானும் அப்படி ஒப்பித்து வளர்ந்தவன்தான். ஆனால் அந்த நான்கில் மூன்றை எங்கள் தெருவில் யாரும் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. நம்பவேண்டியவை நான்கு, ஓதுவது ஒன்று. அந்த வயதில் இதில் விசித்திரமாக எதுவும் தெரியவில்லை. காவலூரில் ஒருவர் கேட்ட கேள்விக்குப் பிறகுதான் யோசிக்க ஆரம்பித்தேன்.

அந்தக் கேள்விக்குப் போவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் முஸ்லிம் அல்லாத நண்பர்கள் பலர், எங்களுக்கு வேதம் என்றால் குர்ஆன் ஒன்றுதான், மற்றதெல்லாம் எங்கள் கணக்கில் இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் பையன்களில் சிலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது சரியில்லை. ஈமானுக்கு (நம்பிக்கைக்கு) ஆறு அடிப்படைகள். அல்லாஹ்வை, மலக்குகளை (வானவர்களை), வேதங்களை, தூதர்களை, மறுமை நாளை, கத்ரை (விதியை) நம்ப வேண்டும். மூன்றாவதாக வருவது "வேதங்கள்", பன்மை. தவ்ராத் இறங்கவே இல்லை என்று ஒருவர் சொன்னால் அவருடைய ஈமானே குறைபட்டுவிடும். மற்ற மதத்தாரைச் சந்தோஷப்படுத்தச் சொன்ன பேச்சு இல்லை இது, அடிப்படை. குர்ஆனே தவ்ராத்தை 18 இடங்களில் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது, இன்ஜீலை 12 இடங்களில், ஸபூரை 3 இடங்களில். தன்னை முதல் வேதம் என்று அது எங்கேயும் சொல்லிக்கொள்ளவில்லை. முன்னால் வந்தவற்றை உண்மைப்படுத்த வந்ததாகத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறது.

அந்த 104 எங்கிருந்து வந்தது? அபூதர் என்ற நபித்தோழர் கேட்டதாக ஓர் அறிவிப்பு இருக்கிறது. ஷீத் நபிக்கு 50 ஏடுகள், இத்ரீஸ் நபிக்கு 30, இப்ராஹீம் நபிக்கு 10, தவ்ராத்துக்கு முன்பே மூஸா நபிக்கு 10, அப்புறம் பெரிய வேதங்கள் நான்கு. கூட்டினால் சரியாக வரும். ஹதீஸ் கலையில் தேர்ந்தவர்கள் இதன் அறிவிப்பாளர் தொடரைப் பலவீனமானது என்று ஒதுக்குகிறார்கள். அது ஒதுங்கினால் ஒதுங்கட்டும். மார்க்கம் இந்த எண்ணில் நிற்கவில்லை. ஆனால் ஓர் ஆறு வயதுப் பிள்ளையின் தலையில், தான் ஓதுகிற கிதாபுக்கு முன்னால் நூறு ஏடுகள் வந்துபோயின என்ற எண்ணத்தை விதைத்துவிட்டுப் போகிறதே, அது எனக்குப் பிடித்திருக்கிறது.

இனி காவலூர்.

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் போய், அங்கிருந்து ஜவ்வாது மலை ஏறினால் காவலூர். வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிற ஊர். 1960களின் கடைசியில் வானியலாளர் வைணு பாப்பு இந்த மலையைத் தேர்ந்தெடுத்து 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு தொடங்கினார். 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதை 1977 மார்ச்சில் உலகம் கண்டுகொண்டபோது அந்தத் தொலைநோக்கியும் விழித்திருந்தது. 2.34 மீட்டர் பெரிய தொலைநோக்கி 1986இல் திறக்கப்பட்டது. பாப்பு அதைப் பார்க்கவில்லை, 1982லேயே போய்விட்டார். சனிக்கிழமைகளில் பொதுமக்களை உள்ளே விடுவார்கள், மேகம் இல்லாவிட்டால் சின்னத் தொலைநோக்கி ஒன்றில் வானத்தைக் காட்டுவார்கள். ஒரு பிப்ரவரிச் சனிக்கிழமை தெருப் பிள்ளைகள் சிலரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். இருட்டுவதற்காகக் காத்திருக்கிற நேரம் டீக்கடையில் போயிற்று.

கடைக்காரர் மலையாளி. கேரளத்தார் என்று எண்ண வேண்டாம். ஜவ்வாது மலையின் பழங்குடி மக்களுக்கு அதுதான் பெயர். என் தாடியையும் பிள்ளைகளின் தொப்பியையும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"பாய், உங்க குர்ஆன்ல நட்சத்திரத்தப் பத்தி எதாச்சும் இருக்குதா?"

"இருக்குதுண்ணே. நட்சத்திரம்னு பேரு வெச்சே ஒரு சூரா இருக்குது."

அவர் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே தலையாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து வேறொன்று கேட்டார்.

"எங்களுக்குப் புஸ்தகம்னு ஒண்ணும் கெடையாது. பெரியவங்க வாய்மொழியா சொன்னதுதான். அப்ப இந்த மலைக்கு யாரையும் அனுப்பலியா உங்க ஆண்டவரு?"

"அனுப்பியிருப்பாருண்ணே. பேரு எங்களுக்குச் சொல்லல."

"பேரு தெரிஞ்சா சொல்லுங்க பாய். எங்க ஆளுங்களான்னு விசாரிச்சுப் பாக்குறோம்."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும்தான். நான் மட்டும் அந்தக் கேள்வியை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

முதல் கேள்வியை முடித்துவிடுகிறேன். குர்ஆனின் 53ஆம் சூரா நஜ்மு, நட்சத்திரம். 62 வசனங்கள். அதில் 49ஆவது வசனத்தில் ஷிஃரா வருகிறது. சிரியஸ். இரவு வானத்தின் பிரகாசமான நட்சத்திரம், பிப்ரவரி மாலையில் காவலூரில் அண்ணாந்து பார்த்தால் யாரும் காட்டித்தர வேண்டியதில்லை. அரபுகளில் குஸாஆ குலத்தார் அதை வணங்கிவந்தார்கள் என்று விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். அந்த ஷிஃராவுக்கும் அல்லாஹ்தான் ரப்பு என்பது வசனத்தின் கருத்து.

பலரும் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கொஞ்சம் பின்னால் போய் 36, 37ஆம் வசனங்களிலிருந்து வாசியுங்கள். மூஸாவின் ஏடுகளிலும் இப்ராஹீமின் ஏடுகளிலும் என்ன இருந்தது என்று இவனுக்குத் தெரிவிக்கப்படவில்லையா என்ற கேள்வியோடு ஒரு பட்டியல் தொடங்குகிறது. ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார். மனிதனுக்கு அவன் பாடுபட்டதுதான். சிரிக்க வைப்பவனும் அழவைப்பவனும் அவன்தான். உயிர் கொடுப்பவனும் எடுப்பவனும் அவன்தான். இப்படியே ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே வாக்கியக் கோர்வையில் போய்க்கொண்டிருக்கும் பட்டியலில்தான் ஷிஃராவும் வருகிறது. இலக்கணப்படி அப்படியே தொடர்ந்து வாசித்தால், காவலூரில் தலைக்குமேல் நிற்கிற நட்சத்திரம் இப்ராஹீம் நபியின் ஏட்டிலும் இருந்தது என்றாகிறது. ஏடு இன்று இல்லை. அதில் என்ன இருந்தது என்பது இருக்கிறது.

இப்ராஹீம் நபிக்கும் நட்சத்திரத்துக்கும் வேறொரு கணக்கும் உண்டு. ஆறாவது சூராவில் அவர் ஒரு நட்சத்திரத்தைப் பார்க்கிறார், அது மறைகிறது. மறைவதை நான் நேசிக்க மாட்டேன் என்கிறார். அப்புறம் நிலா, அப்புறம் சூரியன். எல்லாம் மறைகிறது. வானத்தை உற்றுப் பார்த்தே ஒருவர் ஈமானுக்கு வந்த கதை இது.

இந்த இடத்தில் ஓர் இடைச்செருகல். இதை எழுதியதும் யாராவது எனக்கு வாட்ஸப்பில், யுரேனஸ் வளையம் குர்ஆனில் 1,400 வருடத்துக்கு முன்பே சொல்லப்பட்டுவிட்டது என்று அனுப்புவார்கள். தயவுசெய்து அனுப்பாதீர்கள். காவலூர்க்காரர்கள் தூக்கம் கெட்டுப் பதிவு செய்ததை நாம் மறுநாள் காலையில் வந்து எங்கள் வீட்டில் முன்பே இருந்தது என்று சொல்வது குர்ஆனுக்கும் மரியாதை இல்லை, அவர்களுக்கும் இல்லை.

சரி, பழைய வேதங்களை நம்புகிறோம் என்றால் ஏன் ஓதுவதில்லை? எங்கள் தெருவில் கேட்டால் ஒரே வார்த்தையில் பதில் வரும்: "மாத்திட்டாங்க." அவ்வளவுதான், விசாரணை முடிந்தது. மார்க்க அறிஞர்களான ஆலிம்கள் இதை அப்படிச் சுருட்டி வைக்கவில்லை. கார்டோபாவின் இப்னு ஹஸ்ம், 11ஆம் நூற்றாண்டுக்காரர், மூலவாசகமே மாற்றப்பட்டது என்று தவ்ராத்தையும் இன்ஜீலையும் வரிவரியாக எடுத்து வாதாடினார். அதற்காகவாவது அவர் அவற்றை முழுக்கப் படித்திருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். எதிர்ப்பக்கத்தில், அல்லாஹ்வின் வேதத்திலிருந்து யாராலும் சொல்லை நீக்க முடியாது, அதற்குத் தவறான விளக்கம் சொல்வதுதான் திரிப்பு என்ற கருத்து இப்னு அப்பாஸின் பெயரால் புகாரியில் பதிவாகியிருக்கிறது. இந்த இரண்டுக்கும் இடையில் எத்தனையோ நிலைகள். நான்கு சுவிசேஷங்கள்தான் இன்ஜீலா என்று கேட்டால், ஈஸா நபிக்கு இறங்கியதுதான் இன்ஜீல், அவரைப்பற்றிப் பிறர் எழுதியவை வேறு என்பது பொதுவான முஸ்லிம் பதில். வேதக்காரர்கள் தங்கள் வேதத்திலிருந்து எதையாவது சொன்னால் உண்மை என்றும் சொல்லாதீர்கள், பொய் என்றும் சொல்லாதீர்கள், எங்களுக்கு இறங்கியதையும் உங்களுக்கு இறங்கியதையும் நம்புகிறோம் என்று மட்டும் சொல்லுங்கள் என்று நபியவர்கள் சொல்லிக்கொடுத்ததும் அதே புகாரியில் இருக்கிறது. "மாத்திட்டாங்க" என்பதைவிட இதற்கு நிறையப் பொறுமை வேண்டும்.

காவலூருக்குப் பிறகு நான் திருப்பத்தூர்ப் பழைய புத்தகக் கடையில் ஒரு தமிழ் பைபிள் வாங்கினேன். வீட்டில், "இது எதுக்குங்க?" என்றார்கள். "ஸபூர் பாக்கணும்" என்றேன். நேராகச் சங்கீதம் 37, 29ஆம் வசனம். நல்லோர் பூமிக்கு உரிமையாளர் ஆவார்கள் என்கிற கருத்து. குர்ஆனின் 21ஆம் சூரா 105ஆம் வசனம், என் நல்லடியார்கள் பூமிக்கு வாரிசாவார்கள் என்று ஸபூரில் எழுதியிருக்கிறோம் என்று எங்கே எழுதியது என்பதையும் சொல்லியே சொல்கிறது. முன் வேதத்தின் பெயரைக் குறிப்பிட்டு, அதில் உள்ளதைக் கிட்டத்தட்ட அப்படியே குர்ஆன் எடுத்துக்காட்டுகிற இடம் இது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தபோது, மக்தபில் ஒப்பித்த பெயர்ப்பட்டியலில் ஒன்று முதல்முறையாக உயிர் பெற்றது.

"புஸ்தகம் கெடையாது, வாய்மொழிதான்" என்றாரே கடைக்காரர், அதில் குறைப்பட்டுக்கொள்ள ஒன்றுமில்லை என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். குர்ஆன் அட்டை போட்டு வானத்திலிருந்து விழவில்லை. 610இல் ஹிரா குகையில் ஜிப்ரயீல் வந்து ஓதச் சொன்னதிலிருந்து 632 வரை, ஏறத்தாழ 23 வருடம், சம்பவத்துக்குச் சம்பவம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கேட்டவர்கள் மனத்தில் வாங்கிக்கொண்டார்கள். எழுதத் தெரிந்தவர்கள் பேரீச்ச மட்டையிலும் தோலிலும் ஒட்டகத்தின் தோள் எலும்பிலும் தட்டைக் கல்லிலும் எழுதிவைத்தார்கள். யமாமா போரில் மனனம் செய்தவர்கள் பலர் ஷஹீதான பிறகுதான் அபூபக்கர் கலீஃபா ஸைது இப்னு ஸாபித்தை அழைத்துத் திரட்டச் சொன்னார். ஒரு மலையைப் பெயர்த்து வைக்கச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு பாரமாக இருந்திருக்காது என்று ஸைது பின்னால் சொல்லியிருக்கிறார். உஸ்மான் கலீஃபா காலத்தில் பிரதிகள் எடுத்து ஊர்களுக்கு அனுப்பினார்கள்.

பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இருக்கிற இரண்டு தோல் ஏடுகளைக் கதிரியக்கக் கரிம முறையில் சோதித்த முடிவு 2015இல் வெளியானது. தோலின் காலம் 568க்கும் 645க்கும் இடையில் என்று வந்தது. அவற்றில் இருப்பது 18, 19, 20ஆம் சூராக்களின் பகுதிகள். 20ஆம் சூராவின் தொடக்கத்தில், சில வசனங்கள் கழிந்ததும் மூஸா நபி வந்துவிடுகிறார். இரவில் தீயைக் கண்டு போகிறார், அங்கே அவரைப் பெயர் சொல்லி அழைக்கிறது ஒரு குரல். கைவசம் இருக்கிற குர்ஆன் ஏடுகளில் ஆகப் பழையவற்றுள் ஒன்றை எடுத்துப் பார்த்தால், அதில் தவ்ராத்துக்காரரின் கதை ஓடுகிறது.

ஆனாலும் மனனம்தான் இன்றைக்கும் நிற்கிறது. ரமலானில் எங்கள் பள்ளிவாசலில் தராவீஹ் தொழுகையில் நிற்கிற ஹாஃபிழுக்கு, அதாவது குர்ஆனை மனனம் செய்தவருக்கு, மீசை சரியாக அரும்பியிருக்காது. குர்ஆனின் முப்பது ஜுஸ்வும் உள்ளே இருக்கும். ஓர் எழுத்து தவறினால் பின்வரிசையிலிருந்து இன்னொரு ஹாஃபிழ் எடுத்துக் கொடுப்பார். பாலாற்றங்கரையில் ஓதலுக்கும் படிப்புக்கும் பஞ்சமே இல்லை. வேலூரில் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத், ஆம்பூருக்குப் பக்கத்தில் காகா முஹம்மது உமர் 1924இல் தொடங்கிய உமராபாத் ஜாமிஆ தாருஸ்ஸலாம், வாணியம்பாடியிலேயே 1919இல் வந்த இஸ்லாமியா கல்லூரி. இந்தப் பக்கத்துத் தோல் பதனிடும் தொழிலில் வந்த காசு நிறைய இப்படிப் போயிருக்கிறது.

பொருள் புரிந்து ஓதுவது வேறு விஷயம். எங்கள் ஊரில் பாதி வீடுகளில் பேச்சு உருது. ஓதுவது அரபி, விளக்கம் உருது, கடைத்தெரு தமிழ். உருதுக்காரர்களுக்கு 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே டில்லியின் ஷா வலியுல்லாஹ் மகன்கள் ரஃபீஉத்தீனும் அப்துல் காதிரும் மொழிபெயர்த்துக் கொடுத்துவிட்டார்கள். தமிழ் பேசுகிற எங்களைப் போன்ற வீடுகளுக்கு? தமிழில் புதிய ஏற்பாடு சீகன்பால்கு கையால் தரங்கம்பாடியில் 1715லேயே அச்சாகி வந்துவிட்டது. குர்ஆனின் தமிழாக்கத்தை எடுத்துச் செய்தவர் அப்துல் ஹமீது பாகவி. பெயரில் இருக்கிற பாகவி, அவர் பாக்கியாத்தில் ஓதியவர் என்பதற்கு அடையாளம். முதல் பகுதி 1929இல் வந்தது, முழுதும் 1949இல். இருநூறு வருடத்துக்கும் மேல் இடைவெளி. சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. அரபி மூலம் மட்டுமே குர்ஆன், தமிழில் வருவது அதன் கருத்து மட்டும் என்பது கோட்பாடு. தொழுகையில் அதை ஓத முடியாது. ஒரு தவறான சொல் வேதத்தின் பெயரில் ஊரெல்லாம் போய்விடுமே என்ற பயம் ஆலிம்களுக்கு இருந்தது. பயம் நியாயம்தான். இருநூறு வருடம் நியாயமா என்று எனக்குத் தெரிந்த ஹஜ்ரத்துகளிடம் கேட்டிருக்கிறேன், சிரிப்பார்கள்.

அதுவரை மக்கள் வெறும் கையோடு இருந்தார்கள் என்றும் இல்லை. அரபுத் தமிழ் இருந்தது. அரபி எழுத்தில், தமிழுக்கே உரிய ஒலிகளுக்கு மேலும் கீழும் புள்ளி கூட்டி, தமிழை எழுதுவது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) எழுதிய ஃபத்ஹுத் தய்யான் அந்த எழுத்தில்தான் வந்தது. ஈமான் என்றால் என்ன, தொழுகை எப்படி, எல்லாம் அதில். என் நன்னிக்கு (பாட்டிக்கு) தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது, தேர்தலில் கைநாட்டு. ஆனால் அரபுத் தமிழ்க் கிதாபைப் பிரித்து வைத்துக்கொண்டு, மத்தியானத்தில் அக்கம்பக்கத்துப் பெண்களுக்குத் தமிழில் வாசித்துக்காட்டுவார். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவரை எந்தக் கட்டத்தில் போட்டிருப்பார்கள் என்று யோசித்திருக்கிறேன்.

மலைக்காரரின் இரண்டாவது கேள்வி இன்னும் பாக்கி.

குர்ஆனில் பெயர் சொல்லப்பட்ட நபிமார்கள் 25 பேர். ஆனால் எச்சரிப்பவர் வராத சமுதாயமே இல்லை என்று 35ஆம் சூரா சொல்கிறது. ஒவ்வொரு தூதரும் அவரவர் மக்களின் மொழியிலேயே அனுப்பப்பட்டார் என்று 14ஆம் சூரா. சிலரைப்பற்றி உமக்குச் சொன்னோம், சிலரைப்பற்றிச் சொல்லவில்லை என்று நபியவர்களிடமே 40ஆம் சூராவில் சொல்லப்படுகிறது. மூன்றையும் சேர்த்துப் படித்தால் இந்தத் தமிழ் நிலத்துக்கும் யாரோ வந்திருக்க வேண்டும், தமிழில் பேசியிருக்க வேண்டும். யார் என்பது மட்டும் சொல்லப்படவில்லை. பெயரில்லாதவர்களையும் அவர்களுக்கு ஏடு ஏதாவது வந்திருந்தால் அதையும் சேர்த்துத்தான் நாங்கள் ஈமான் கொண்டிருக்கிறோம்.

இந்தக் காலி இடத்தில் இந்திய முஸ்லிம்கள் சிலர் பெயர் எழுதிப் பார்த்திருக்கிறார்கள். ஷாஜகானின் மூத்த மகன் தாரா ஷிகோ, காசிப் பண்டிதர்களை வைத்து உபநிடதங்களைப் பாரசீகத்தில் பெயர்த்து 1657இல் முடித்தார். குர்ஆனின் 56ஆம் சூராவில் வருகிற மறைத்துப் பாதுகாக்கப்பட்ட ஏடு இந்த உபநிடதங்கள்தான் என்று அடித்துச் சொன்னார். இரண்டு வருடத்தில் அவருடைய தம்பி அவுரங்கசீப் அவரைக் கொன்றார். காரணம் அரியணை, சாக்கு மார்க்கம். அடுத்த நூற்றாண்டில் டில்லியில் மிர்ஸா மஸ்ஹர் ஜானே ஜானான் என்ற நக்‌ஷபந்தி சூஃபி ஒரு கடிதம் எழுதினார். இந்துஸ்தானத்துக்கும் வேதம் அருளப்பட்டிருக்கிறது, தூதர்களும் வந்திருக்கிறார்கள், யார் யார் என்பதில் ஷரீஅத் மௌனமாக இருப்பதால் நாமும் மௌனமாக இருப்பதே நல்லது என்பது அதன் சாரம்.

தாராவை நினைத்தால் மனம் கனக்கிறது, ஆனாலும் என் ஓட்டு மிர்ஸாவுக்குத்தான். ஒரு சமுதாயத்தின் பெரியவரை எடுத்து நம் பட்டியலில் பெயர் எழுதிக்கொள்வதிலும் ஓர் அத்துமீறல் இருக்கிறது. அவர்களைக் கேட்காமல் செய்கிறோம் இல்லையா? இல்லவே இல்லை என்று மறுப்பது அதைவிடப் பெரிய அத்துமீறல். எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் காவலூர்க் கதையைச் சொன்னேன். "பேரும் சொல்லாதீங்க, இல்லைன்னும் சொல்லாதீங்க" என்றார். மிர்ஸாவின் கடிதத்தை அவர் படித்ததில்லை.

ஒன்று மட்டும் இருக்கிறது. அந்தக் கடிதத்தில் கடைக்காரருக்குப் பிடிக்காத பகுதியும் உண்டு. பழைய மார்க்கங்கள் அவற்றின் காலத்தில் செல்லுபடியானவை, இறுதி நபி வந்தபின் அவற்றின் தவணை முடிந்துவிட்டது என்பதுதான் மிர்ஸாவின் முடிவு. குர்ஆன் கடைசி வேதம் என்று நம்புகிற யாரும் அங்கேதான் போய் நிற்க வேண்டும், நானும் அங்கேதான் நிற்கிறேன். டீக்கடையில் அந்தப் பாதியை நான் எடுக்கவில்லை. வானாய்வகத்தின் கேட்டைத் திறந்துவிட்டார்கள் என்று பிள்ளைகள் கத்தினார்கள். டீக்குக் காசு கொடுத்துவிட்டுப் போய் வரிசையில் நின்றோம்.